அரங்கின் ஒளியும் அதனை ஆளும் கையும்
யாழ்ப்பாணக் குடாநாட்டு அரங்க ஒளியமைப்பும் கட்டுப்பாட்டுப் பலகைத் தெரிவும் – ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழ் நாடக வரலாறு பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் நாடக பாடம், ஆசிரியர், அண்ணாவிமார், ஆட்டமரபு, இசை ஆகியவற்றையே மையமாகக் கொண்டு அமைந்துள்ளன. நாடகம் எந்த வெளிச்சத்தில் பார்க்கப்பட்டது, அவ்வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவராய் இருந்தவர் யார் என்னும் வினாக்கள் துணைச்செய்தி என்ற அளவிலேயே விடப்பட்டு வந்துள்ளன. ஆயின் இரவில் நிகழும் கலையொன்றிற்கு ஒளி துணைச்செய்தி ஆகாது. ஒளி எட்டும் தூரமே ஆடுகளத்தின் எல்லை. ஒளி விழும் திசையே பார்ப்போர் அமரும் திசை. ஒளிக்குக் கொடுக்கப்படும் விலையே பல வேளைகளில் ஆற்றுகையின் விலை.

இன்று குடாநாட்டில் மண்டபங்களும் பாடசாலைகளும் நாடகக் குழுக்களும் ஒளிக் கட்டுப்பாட்டுப் பலகை, அதாவது கொன்சோல் என வழங்கும் கருவியைத் தெரிவு செய்யவேண்டிய நிலையில் உள்ளன. இத்தெரிவு வணிகரின் விலைப்பட்டியலை ஒப்பிட்டு முடிக்கக்கூடிய காரியமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. எமது கருத்து வேறு. கருவித் தெரிவு ஒவ்வொன்றும் ஆற்றுவோருக்கும் பார்ப்போருக்கும் இடையிலான உறவையும், கருவியை உடையோருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான உறவையும் மாற்றியமைத்துள்ளது என்பதை இப்பிரதேசத்தின் அரங்க வரலாறே காட்டுகின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதிலிருந்து இன்றைய தெரிவுக்கான அளவுகோல்களைப் பெற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பந்தமும் களரியும்

மின்சாரத்திற்கு முற்பட்ட எமது கூத்தரங்கு தீயின் ஒளியில் இயங்கியது. எண்ணெயில் தோய்த்த துணிப்பந்தங்களும், தூக்கு விளக்குகளும், பின்னர் மண்ணெண்ணெய் விளக்குகளும் களரிக்கு ஒளி தந்தன. விடியவிடிய ஆடப்படும் கூத்தில் பந்தம் அணையாது எண்ணெய் ஊற்றிக் காப்பது ஓர் இரவு முழுவதற்குமான உழைப்பு. கோயில் விழாக்களிலும் சடங்குகளிலும் பந்தம் பிடித்தல் சாதி அடிப்படையில் பகிரப்பட்ட ஊழியங்களுள் ஒன்றாக இருந்தமையையும் இங்கு மறத்தலாகாது. ஒளியை ஏந்தியவனுக்கு ஒளியில் நிற்கும் உரிமை எப்போதும் இருந்ததில்லை. அரங்க ஒளியின் சமூக வரலாறு இம்முரண்பாட்டிலிருந்தே தொடங்குகின்றது.

கலைநோக்கில் பார்க்குமிடத்துத் தீயொளிக்கு மூன்று இயல்புகளைக் கூறலாம். முதலாவது, அது கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ, ஆடுவோனுக்கு மிக அண்மையிலிருந்து விழுவது. இரண்டாவது, அது ஓரிடத்தில் நில்லாது அசைவது. மூன்றாவது, அதன் நிறம் செம்மஞ்சள் சார்ந்தது. கூத்தின் ஒப்பனையும் உடையும் இம்மூன்றிற்கும் இயைந்தே வளர்ந்தன. முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிய முகம், கண்ணாடித்துண்டுகள் பதித்த முடி, புயக்கட்டு, மார்புப்பதக்கம் ஆகியன அசையும் சுடரில் தாமும் அசைவன போலத் தோன்றுவன. அதே உடையை அசைவற்ற வெள்ளொளியில் வைத்துப் பார்ப்போர் அதனைப் பகட்டு என ஒதுக்குவதற்குக் காரணம் உடையில் இல்லை. அது பிறந்த ஒளியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தமையே காரணம்.

மற்றுமொன்று அவதானிக்கத்தக்கது. தீயொளியில் களரிக்கும் சபைக்கும் இடையே இருட்சுவர் இல்லை. பார்ப்போர் ஒருவரையொருவர் காண்பர். ஆடுவோனும் அவர்களைக் காண்பான். மட்டக்களப்பின் வட்டக்களரியில் இவ்வியல்பு மிகத் தெளிவாக அமைய, யாழ்ப்பாணக் கரையோரக் கிராமங்களின் கத்தோலிக்கக் கூத்து உயர்ந்த மேடையையும் திரையையும் முன்னரே ஏற்றுக்கொண்டது. ஆயினும் குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலிய இடங்களில் வளர்ந்த அம்மரபிலும், வட்டுக்கோட்டையில் பேணப்பட்ட வடமோடி மரபிலும், காத்தவராயன் கூத்திலும் சபையின் முகம் ஆடுவோனுக்கு மறைக்கப்படவில்லை. ஒளியைக் கட்டுப்படுத்துதல் என ஒரு தனித்தொழில் அங்கு இல்லை. பாத்திரத்தின் வரவை வெளிப்படுத்தியது, இருவர் பிடித்த வெள்ளைத் திரையின் நீக்கமேயன்றி விளக்கின் ஏற்றமன்று.

2. கொட்டகையும் வாடகை விளக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழகத்து நாடகக் கம்பனிகளின் வருகையோடு பார்சி மரபின் செல்வாக்குப் பெற்ற கொட்டகை மேடை குடாநாட்டிற்கு அறிமுகமாயிற்று. மடுவம், கொட்டகை எனப்பட்ட தற்காலிக, அரைநிரந்தரக் கட்டடங்களில் வர்ணம் தீட்டிய தொங்குதிரைகளும் பக்கத்தட்டிகளும் எழுந்தன. காட்சித்திரையைக் காட்டவேண்டிய தேவை ஒளியின் பணியை மாற்றியது. ஒளி நடிகனுக்கு மட்டுமன்றித் துணியில் எழுதப்பட்ட அரண்மனைக்கும் வனத்திற்கும் உரியதாயிற்று.

இக்கட்டத்தில் மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கி வலைத்திரியில் எரிக்கும் பெற்றோமக்ஸ் விளக்கு வந்து சேர்ந்தது. அதன் ஒளி பந்தத்தினும் பன்மடங்கு பிரகாசமானது, வெண்மையானது, அசையாதது. ஆயின் அதனைப் படிப்படியாகக் குறைத்தல் இயலாது. எரியும் அல்லது அணையும். மயானத்தின் இருளைக் காட்ட விரும்பிய குழுவினருக்கு விளக்கின் முன் தட்டியை மறைத்தல் அல்லது விளக்கை அப்பால் எடுத்துச் செல்லுதல் அன்றி வேறு வழி இருக்கவில்லை. ஆகவே இருள் பாட்டாலும் வசனத்தாலும் படைக்கப்பட வேண்டியதாயிற்று. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திர மயான காண்டத்தைக் குடாநாட்டின் கிராமந்தோறும் ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றியபோது அதன் நள்ளிரவு கருவியால் ஆக்கப்பட்டதன்று, குரலால் ஆக்கப்பட்டது. மின்விளக்கு வந்த பின்னரும் இசை நாடக மரபு பொதுவாக முழு வெளிச்சத்தையே விரும்பிற்று. இதனைத் தொழில்நுட்பப் பின்னடைவு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பாடும் நடிகனின் முகமும் வாயும் எப்போதும் தெரியவேண்டும் என்பது அம்மரபின் அழகியல்.

பொருளியல் நோக்கில் பெற்றோமக்ஸ் விளக்கு மற்றொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. பந்தம் ஊரின் உழைப்பால் அமைந்தது. பெற்றோமக்சோ பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து இரவு வாடகைக்குப் பெறப்பட்டது. கலியாண வீட்டிற்கும் கோயில் திருவிழாவிற்கும் நாடகத்திற்கும் ஒரே விளக்கே வந்தது. ஒளி ஊரின் ஊழியம் என்ற நிலையிலிருந்து வாடகைப் பண்டம் என்ற நிலைக்கு மாறியது. பின்னர் ஒலிபெருக்கியையும் மின்பிறப்பாக்கியையும் வண்ணக் குமிழ் மாலைகளையும் ஒன்றாக வழங்கிய வாடகைச் சேவைகள் இம்மாற்றத்தின் தொடர்ச்சியேயாகும்.

3. படச்சட்ட மேடையும் இருண்ட சபையும்

1913ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றிய லங்கா சுபோத விலாச சபையும், அதன்வழி வந்த கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்களின் பணியும், பம்மல் சம்பந்த முதலியார் தமிழகத்தில் உருவாக்கிய படித்தோர் நாடக நெறியை ஈழத்துக்குக் கொணர்ந்தன. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்களின் நானாடகம் 1940இல் நூலுருப் பெற்றதோடு, யாழ்ப்பாண வீட்டின் பேச்சும் வீட்டின் உட்புறமும் மேடைக்கு வந்தன. வீட்டின் உட்புறம் மேடைக்கு வருமாயின் அவ்வீட்டின் காலையும் மாலையும் இரவும் மேடைக்கு வருதல் வேண்டும். இயற்பண்பு நாடகம் கட்டுப்படுத்தக்கூடிய ஒளியைக் கோருவதன் காரணம் இதுவே.

1956இல் எதிரிவீர சரச்சந்திராவின் மனமே சிங்கள அரங்கில் ஏற்படுத்திய திருப்பம் தமிழரிடையேயும் மரபைத் தேடும் முயற்சிக்கு உந்துதலளித்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்களின் வழிகாட்டலில் பேராதனையில் 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை ஆகிய கூத்துகள் மேடையேறின. விடியவிடிய நிகழ்ந்த கூத்து சில மணித்தியாலங்களுக்குள் சுருக்கப்பட்டுப் படச்சட்ட மேடைக்கு மாற்றப்பட்டது. இம்மாற்றம் குறித்துச் சார்பாகவும் எதிராகவும் பல எழுதப்பட்டுள்ளன. ஒளி பற்றிய பகுதியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். எல்லாப் பக்கங்களிலிருந்தும் பார்க்கப்பட்ட ஆட்டம் ஒரு பக்கப் பார்வைக்கு உரியதாயிற்று. பார்ப்போர் இருளில் அமர்ந்தனர். ஆடுவோன் ஒளியில் தனித்தான். பாத்திரத்தின் மனநிலையை நிறத்தாலும் செறிவாலும் காட்டும் வாய்ப்புப் பிறந்தது. அதே வேளை, சபையின் முகத்தைப் பார்த்து ஆட்டத்தை நீட்டவும் குறுக்கவும் செய்த அண்ணாவியாரின் உரிமையின் ஒரு பகுதி, மேடைக்கு வெளியே விசைகளின் அருகில் அமர்ந்த ஒருவரின் கைக்குப் போயிற்று.

சபையை இருளில் ஆழ்த்துதல் மேலைநாட்டிலும் தொன்றுதொட்டு வந்த வழக்கன்று. 1876இல் பைரோயித்தில் வாக்னர் தமது அரங்கில் செய்ததும், லண்டனில் ஹென்றி ஏர்விங் தமது அரங்கில் கையாண்டதும் அதனை நிலைநிறுத்தின. அதற்கு எதிர்வினையாகவே பெர்டோல்ட் பிரெக்ட் விளக்குகளை மறைக்காது வெளித்தெரிய வைத்து, மயக்கமற்ற வெள்ளொளியில் நாடகத்தை நிகழ்த்த விரும்பினார். பார்ப்பவன் கனவு காணாது சிந்திக்கவேண்டும் என்பது அவர் நோக்கு. எமது கூத்துக் களரியின் திறந்த ஒளியும் பிரெக்டின் வெள்ளொளியும் வேறுவேறு காரணங்களால் பிறந்தவை. எனினும் இரண்டும் சபையை இருளில் ஒதுக்கவில்லை என்ற வகையில் ஒத்தவை.

இவ்வொப்புமை 1960களின் இறுதியில் நடைமுறைப் பொருள் பெற்றது. தீண்டாமைக்கெதிரான போராட்டம் குடாநாட்டில் கூர்மையடைந்த அக்காலத்தில் என். கே. ரகுநாதனின் கந்தன் கருணையும் சி. மௌனகுருவின் சங்காரமும் கூத்து வடிவத்தைச் சமூக மாற்றத்தின் கருவியாக்கின. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் கதையைச் சொல்லும் நாடகம் எங்கெல்லாம் மக்கள் கூடுவரோ அங்கெல்லாம் செல்லவேண்டியதாயிற்று. நல்ல மேடையும் நல்ல விளக்கும் உள்ள இடத்திற்கு மட்டும் செல்லும் நாடகம் யாருக்காக ஆடப்படுகின்றது என்ற வினாவும் உடனெழுந்தது.

1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலானோர் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, பயிற்சியை முதன்மைப்படுத்தியது. 1985இல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய மண் சுமந்த மேனியர் பல்கலைக்கழக மாணவரால் குடாநாட்டின் பல இடங்களிலும் நிகழ்த்தப்பட்டது. குறைந்த காட்சிப்பொருள்களோடு உடலையும் கூட்டுக்குரலையும் நம்பிய அத்தகைய நாடகங்களே கிடைத்த வெளிச்சத்தில் எங்கும் ஆடக்கூடியனவாய் இருந்தன. மறுபுறத்தில், நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தைத் திறந்தவெளியில் பெரும் மேடையமைப்போடு நிகழ்த்தி, பரந்த வெளியை ஒளியால் பகுத்துக் காட்டும் முறையை வளர்த்தது. சிறு விளக்கில் அசையும் அரங்கு, பெருவிளக்கில் நிலைகொள்ளும் அரங்கு என்ற இவ்விரண்டும் எமக்கு வேண்டியவையே. எந்தக் கருவி தேவை என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லாமைக்கும் இதுவே காரணம்.

4. கட்டுப்பாட்டுக் கருவி வளர்ந்த வகை

ஒளியை ஓரிடத்திலிருந்து ஆளும் கருவி மின்சாரத்திற்கு முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வாயு விளக்கு அரங்குகளில் எல்லாக் குழாய்களின் அடைப்பான்களும் மேடையருகே ஒரு பலகையில் ஒன்றுசேர்க்கப்பட்டிருந்தன. இன்றைய கொன்சோலின் மூதாதை அதுவே. 1881இல் லண்டன் சவோய் அரங்கு முழுமையாக மின்னொளி பெற்றது. மின்னோட்டத்தைக் குறைக்க முதலில் தடைக்கம்பிகள் பயன்பட்டன. சிறிய அரங்குகளிலும் பாடசாலை மேடைகளிலும் உப்புநீர் மங்கற்கருவியும் பல நாடுகளில் வழக்கிலிருந்தது. மட்கலத்து உப்புநீரில் இரண்டு உலோகத் தகடுகளை அமிழ்த்தி, ஒன்றை உயர்த்தினால் விளக்கு மங்கும், தாழ்த்தினால் பிரகாசிக்கும். நீர் சூடேறி ஆவியாகும். தொடுவோருக்கு உயிராபத்தும் உண்டு. எனினும் கடையில் வாங்கவேண்டாத கருவி அது.

தடைக்கம்பிக் கருவிக்கு ஒரு குறை இருந்தது. அது குறித்த வலுவுள்ள விளக்கிற்கென ஆக்கப்பட்டது. அதனிலும் சிறிய விளக்கைப் பொருத்தினால் முற்றாக அணையும்வரை மங்காது. 1935இல் பிரித்தானியரான ஃபிரெட் பெந்தம் ஓர்கன் வாத்தியத்தின் விசைப்பலகையை ஒத்த ஒளிக் கருவியை அமைத்தார். ஒளியை இசைபோல வாசிக்கலாம் என்பது அவர் எண்ணம். 1947இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஐசனவர் யேல் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் வால்வுகளால் இயங்கும் முறையை உருவாக்கினார். அடுத்த காட்சியின் அளவுகளை முன்கூட்டியே அமைத்து வைக்கும் முறை இதன்வழி வலுப்பெற்றது. 1960களில் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனம் மங்கற்கருவியைச் சிறிதாக்கிற்று. பாரமான மின்கம்பிகள் இயக்குபவரின் கையை விட்டு விலகின. 1970களிலும் 80களிலும் நினைவகம் உள்ள பலகைகள் பரவின.

1986இல் அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப நிறுவனம் டி.எம்.எக்ஸ். 512 என்னும் பொது நியமத்தை வகுத்தது. ஒரு கம்பித்தொடரின்வழி 512 சனல்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரையான அளவுகளைத் தொடர்ந்து அனுப்பும் முறை இது. இதன் சமூக முக்கியத்துவம் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. அதற்கு முன்னர் ஒரு நிறுவனத்தின் பலகை பெரும்பாலும் அதே நிறுவனத்தின் மங்கற்கருவியையே ஆளும். வாங்கியவர் அந்நிறுவனத்திற்குக் கட்டுப்பட்டவராவார். பொது நியமம் அக்கட்டைத் தளர்த்தியது. ஒருவரின் பலகை, மற்றொருவரின் விளக்கு, வேறொருவரின் மங்கற்கருவி ஆகியன ஒன்றாக இயங்கக்கூடியனவாயின.

தென்னாசியாவில் ஒளியமைப்பைத் தனிக்கலையாக நிறுவியவர்களுள் கல்கத்தாவைச் சேர்ந்த தபஸ் சென் தலையானவர். உத்பல் தத்தின் அங்கார் நாடகத்தில் 1959இல், சுரங்கத்துள் நீர் புகுந்து தொழிலாளர் மூழ்கும் காட்சியை ஒளியால் அவர் படைத்தமை நாடக வரலாற்றில் நிலைபெற்ற செய்தி. விலையுயர்ந்த கருவி அதற்குக் காரணமன்று. கையில் இருந்த எளிய பொருள்களைக் கொண்டு புதிது காணும் ஆற்றலே காரணம். தகரப்பேணியுள் குமிழைப் பொருத்திக் குவியொளி விளக்காக்கும் வழக்கம் எமது பயில்முறை அரங்குக்கும் அந்நியமானதன்று.

5. மின்சாரமற்ற ஆண்டுகள்

1950களின் பிற்பகுதியில் இயங்கத் தொடங்கிய சுன்னாகம் மின்நிலையம் குடாநாட்டில் மின்னொளி பரவ உதவிற்று. எனினும் கிராமங்களின் பெரும்பகுதிக்கு மின்சாரம் எட்டப் பல ஆண்டுகள் சென்றன. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருள்களாயின. போத்தலின் அடியில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, திரியை நுனியில் நிறுத்திப் படித்த மாணவ தலைமுறையொன்று உருவாயிற்று. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர்.

இந்நிலையிலும் நாடகம் நிற்கவில்லை. பகற்பொழுதின் சூரிய ஒளியில் ஆடக்கூடிய தெருவெளி நாடகங்களும் பாடசாலை நாடகங்களும் தொடர்ந்தன. எரிபொருள் கிடைத்தபோது மின்பிறப்பாக்கியைக் கொண்டு மேடை நாடகங்கள் நிகழ்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இரவோடிரவாக இடம்பெயர நேரிட்டபோது அரங்கப் பொருள்களும் பதிவுகளும் சிதறின. எமது அரங்கின் ஒளியமைப்பு வரலாற்றுக்கான சான்றுகள் மிகக் குறைவாக இருப்பதற்கு இவ்விடப்பெயர்வும் ஒரு காரணம்.

இவ்வாண்டுகள் தரும் பாடம் வறுமையே கலைக்கு நல்லது என்பதன்று. அவ்வாறு கூறுவது துன்பத்தை அழகுபடுத்துவதாகும். மின்சாரம் இல்லாதபோதும் நிகழக்கூடிய நாடகத்தை ஆக்கும் அறிவு எமக்கு உண்டு. அவ்வறிவை அழிக்காத கருவியையே நாம் தேடவேண்டும் என்பதே பாடம். 2022இல் நாடு தழுவிய பொருளாதார நெருக்கடியின்போது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமையும், அந்நியச் செலாவணியின்றி இறக்குமதிகள் முடங்கியமையும் இப்பாடம் பழையதாகிவிடவில்லை என்பதை உணர்த்தின.

6. இன்றைய தெரிவு

இந்திய நன்கொடையில் எழுந்து 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டு, 2025இல் திருவள்ளுவர் பெயரைத் தாங்கிய யாழ்ப்பாணக் கலாசார மையத்தில் 600 பேர் அளவில் அமரக்கூடிய கலையரங்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் கைலாசபதி கலையரங்கும், நகரில் வீரசிங்கம் மண்டபமும் உள்ளன. இவற்றிற்கு அப்பால் நாடகமும் அரங்கியலும் பாடமாகக் கற்பிக்கப்படும் பாடசாலைகளும், ஊர்தோறும் செல்லும் குழுக்களும் உள்ளன. இவை யாவற்றிற்கும் ஒரே கருவி பொருந்தாது. எனினும் தெரிவுக்குரிய வினாக்கள் பொதுவானவை.

முதலாவது வினா, எத்தனை சனல்கள் தேவை என்பது. இதனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். 24 மங்கற்கருவி வழிகளுக்கு 24 சனல். தலா 6 சனல் கொள்ளும் 12 வண்ண எல்.ஈ.டி. விளக்குகளுக்கு 72, தலா 20 சனல் கொள்ளும் 8 அசையும் விளக்குகளுக்கு 160. மொத்தம் 256. நடுத்தர மண்டபமொன்றின் இத்தேவை டி.எம்.எக்ஸ். தொடர் ஒன்றின் சரிபாதியே. ஆயிரக்கணக்கான சனல்களை ஆளும் பெரும் பலகை இங்கு தேவையற்ற செலவு. அசையும் விளக்கே இல்லாத பாடசாலை மேடைக்கு 24 நழுவுபிடிகள் கொண்ட இரு வரிசைப் பலகை போதுமானது. ஒரு வரிசை நிகழும் காட்சியை ஆள, மற்றைய வரிசையில் அடுத்த காட்சியை அமைத்துக் கொள்ளலாம். மாணவர் ஒளியின் இலக்கணத்தைக் கற்பதற்கு இதனிலும் தெளிவான கருவி இல்லை.

இரண்டாவது வினா மின்வலு பற்றியது. 1000 வாற் இழைவிளக்கு ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 4.3 அம்பியர் கொள்ளும். அத்தகைய 24 விளக்குகள் ஒருங்கே எரிந்தால் 24 கிலோவாற், அதாவது 104 அம்பியர் தேவைப்படும். இதனைப் பல பாடசாலைகளின் மின்னிணைப்புத் தாங்காது. 150 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் 24க்கு 3.6 கிலோவாற் போதும்; சிறு மின்பிறப்பாக்கியொன்றே அதனை வழங்கும். மேலும், தைரிஸ்டர் கருவி மின்னலையை வெட்டி ஒளியைக் குறைப்பதால் அதன் இரைச்சல் ஒலிவாங்கிக் கம்பிகளில் ஏறக்கூடும்; மின்பிறப்பாக்கியின் வேகம் தளம்பினால் விளக்குகள் துடிக்கவுங்கூடும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஒலிக்கும் இசை நாடக மேடையில் இக்குறைகள் பொறுக்கத்தக்கன அல்ல. எனவே பலகையைத் தெரிவதற்கு முன் விளக்கையும், விளக்கைத் தெரிவதற்கு முன் மின்னிணைப்பையும் ஆராய்தல் முறையாகும்.

மூன்றாவது வினாவே எமது மரபோடு நேரடித் தொடர்புடையது. நவீன பலகைகள் ஒவ்வொரு ஒளிமாற்றத்தையும் நேரத்தோடு பதிவுசெய்து, ஒரு பொத்தானை அழுத்தியவுடன் வரிசையாக நிகழ்த்த வல்லன. நிமிடந்தப்பாது நிகழும் நாடகத்திற்கு இது பொருந்தும். கூத்தோ இசை நாடகமோ அவ்வாறு நிகழ்வதில்லை. பாடகன் ஒரு விருத்தத்தை எவ்வளவு நேரம் விரிப்பான் என்பது அன்றைய சபையைப் பொறுத்தது. ஆட்டத்தின் தாளக்கட்டு மத்தளகாரரின் கையில் உள்ளது. பதிவு செய்யப்பட்ட ஏழு விநாடி ஒளிமாற்றம் ஆடுவோனைத் தன் பின்னே ஓடச் செய்யும். ஆகவே நினைவகம் இருப்பினும் ஒவ்வொரு பதிவையும் கையால் ஏற்றவும் இறக்கவும் வல்ல நழுவுபிடிகள் உள்ள பலகையையே நாம் தெரிதல் வேண்டும். தொடுதிரையை மட்டும் நம்பிய கருவியில், மேடையை நோக்கும் கண்ணை ஒவ்வொரு கணமும் திரைக்குத் திருப்பவேண்டியிருக்கும். நழுவுபிடியை விரல் தானே அறியும். ஒளியை இயக்குபவரும் ஒரு பக்கவாத்தியகாரர் என்ற நிலை அப்போதுதான் சாத்தியமாகும்.

கண்ணின் இயல்பும் இங்கு கருதத்தக்கது. ஒளியின் உண்மையளவு நாலிலொன்றாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது ஏறத்தாழப் பாதியாகவே தோன்றும். எனவே கருவியின் எண்ணளவு கண்ணின் அளவன்று. மங்கிய ஒளியில் மெல்லிய ஏற்றத்தாழ்வுகளைப் படிக்கட்டுப்போலன்றி வழுவழுப்பாகக் காட்டும் விளக்கும் பலகையும் வேண்டும். மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் பல இவ்விடத்திலேயே தவறுகின்றன. பந்தத்தின் செம்மஞ்சளை மீட்டுத் தர விரும்பும் கூத்து நெறியாளர், வாங்கும் முன் விளக்கை மிகக் குறைந்த அளவில் எரித்துப் பார்த்தல் வேண்டும். முத்துவெள்ளை பூசிய முகத்தின்மீது அதனை விழச்செய்து பார்த்தலும் வேண்டும்.

நான்காவது வினா பழுதுபார்த்தல். கடற்காற்றின் உப்பும் செம்மண் புழுதியும் நழுவுபிடிகளின் பகைவர்கள். கருவி பழுதுற்றால் கொழும்புக்கோ கடல் கடந்தோ அனுப்பித் திங்கட்கணக்கில் காத்திருக்க நேருமாயின் அது எமது கருவி ஆகாது. உள்ளூர்த் தொழினுட்பவியலாளர் திறந்து பார்க்கக்கூடியதும், உதிரிப்பாகம் கிடைக்கக்கூடியதுமான எளிய பலகை, திறக்கமுடியாத அரிய பலகையிலும் மேலானது. சாதாரண கணினியையே கட்டுப்பாட்டுப் பலகையாக்கும் கட்டணமற்ற திறமூல மென்பொருள்களும் இன்று உள்ளன. சிறு குழுக்களுக்கு இவை பெரும் வாய்ப்பு. ஆயின் கணினி இடையில் நின்றுவிட்டால் மேடை இருளாகாதிருக்கக் கையால் இயங்கும் சிறு பலகையொன்று அருகிலிருத்தல் நன்று.

ஐந்தாவது வினா எல்லாவற்றினும் முக்கியமானது: இதனை இயக்கப்போகிறவர் யார்? வாடகைச் சேவையாளரோடு வரும் இயக்குநர் நாடகத்தின் ஒத்திகையைப் பார்த்திரார். கலியாண மண்டபத்திற்குரிய நிறச்சுழற்சியையே நாடகத்திற்கும் தருவார். குற்றம் அவருடையதன்று. அவரை ஒத்திகைக்கு அழைக்காத, அழைத்தாலும் கூலி வழங்காத எமது ஒழுங்கின் குற்றம் அது. ஒளியமைப்பின் நோக்கங்களை மாணவர் பரீட்சைக்கு மனனம் செய்து, நழுவுபிடியொன்றைத் தொடாமலே சித்தியடையும் நிலை தொடருமாயின், எத்தகைய கருவியை வாங்கினும் அது பூட்டிய அறையிலேயே கிடக்கும். மின்சாரமும் ஏணியும் ஆண்களுக்குரியன என்ற எண்ணத்தால் மாணவியர் இத்துறையிலிருந்து விலக்கப்படுதலும் களையப்படவேண்டியது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஒளியின் கட்டுப்பாடு குடாநாட்டு அரங்கில் ஊரின் ஊழியமாகவும், பின்னர் வாடகைப் பண்டமாகவும், பின்னர் மண்டப உடைமையாகவும் மாறி வந்துள்ளமை புலனாகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி கூடிற்று. அதனை ஆளும் உரிமை பரவலாயிற்று என்று கூறுவதற்கில்லை.

ஒரு பெரிய மண்டபத்திற்கு உயர்விலைப் பலகையொன்றை வாங்கும் பணத்தில், பல பாடசாலைகளுக்கு எளிய பலகைகளையும் சில விளக்குகளையும் வழங்கி, அவற்றை இயக்கும் பயிற்சியையும் அளிக்க முடியும். இரண்டும் தேவை எனலாம். ஆனால் எது முதலில் என்ற வினாவுக்கு விடை கூறாது தப்ப முடியாது. பயிற்சி பெற்ற கைகள் இருப்பின் பெரிய கருவி பின்னர் வந்தும் பயன்படும். கைகள் இல்லாதவிடத்து முதலில் வரும் பெரிய கருவி பின்னரும் பயன்படாது. பல்கலைக்கழகமும் கல்வித் திணைக்களமும் மண்டப நிருவாகங்களும் நாடகக் குழுக்களும் ஒன்றுகூடி, பகிர்ந்து பயன்படுத்தத்தக்க கருவித் தொகுதியொன்றையும் ஒளி இயக்குநருக்கான தொடர் பயிற்சியையும் ஏற்படுத்துதல் இன்றைய அவசரத் தேவையாகும்.

அத்துடன், பந்தம் பிடித்தவர்கள், பெற்றோமக்ஸ் வாடகைக்கு விட்டவர்கள், தகரப்பேணியில் விளக்கமைத்தவர்கள், எரிபொருள் தட்டுப்பாட்டில் மின்பிறப்பாக்கியை இயக்கியவர்கள் ஆகியோரின் நினைவுகள் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவற்றைத் தேடிப் பதிவு செய்யும் பணி மாணவ ஆய்வாளரை எதிர்நோக்கியுள்ளது. மூத்தோர் ஒவ்வொருவராக மறைந்துவரும் வேளையில் அப்பணியைத் தாமதியாது தொடங்குதல் வேண்டும்.